தோணித்துறையை மறந்த ஊர்

திருநெல்வேலிக்கும் பாளையங்கோட்டைக்கும் நடுவே ஓர் ஆறு ஓடுகிறது என்பதை இன்று பஸ்ஸில் போகிறவர்களில் எத்தனை பேர் கவனிக்கிறார்கள்? கண்டக்டர் கொடுத்த சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் தாமிரபருணி பின்னால் போய்விடுகிறது. 1843-ஆம் ஆண்டுக்கு முன்னால் அவளை அவ்வளவு அலட்சியமாகக் கடந்துவிட முடியாது. துறையில் நின்று தோணிக்குக் காத்திருக்க வேண்டும்.

தமிழ்நாட்டு ஆறுகள் பலவும் கோடையில் வெறும் மணல்வெளி. பொருநையோ வேறு ஜாதி. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அவளுக்கு நீர் வார்க்கின்றன. ஆனி ஆடியில் ஒரு பெருக்கு, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு பெருக்கு.

ஆற்றுக்குத் தெற்கே இருக்கும் மேலப்பாளையம் நெசவாளிகளின் ஊர். பழவூர் அணைக்கட்டில் ஆற்றைவிட்டுப் பிரியும் பாளையங்கால்வாய் அந்த ஊரைத் தேடிக்கொண்டு வந்துவிடுகிறது. ஆனால் நெய்த துணியை நெல்லையப்பர் கோயில் பக்கத்துக் கடைத்தெருவுக்குக் கொண்டுபோக வேண்டுமானால் ஆற்றைத் தாண்டியே ஆகவேண்டும். எதிர்க்கரைக்காரர்களுக்கும் இதே சங்கடந்தான். கோட்டையும் பட்டாளமும் சர்க்கார் காரியங்களும் பாளையங்கோட்டைப் பக்கம் அல்லவா இருந்தன?

இத்தனை பேரையும் அக்கரை சேர்த்தவன் தோணிக்காரன். எங்கே மணல் திட்டு, எங்கே கசம், எங்கே சுழல் என்று தெரியாமல் அவனால் கோல் ஊன்ற முடியாது. மேற்கே மணிமுத்தாறு பெருகினாலும் பச்சையாறு பெருகினாலும் அந்த நீர் தன் துறைக்குத்தான் வந்து சேரும் என்பதை அவன் மறக்க முடியாது. ஆறுதான் அவனுக்குப் பஞ்சாங்கம்.

அந்தக் காலத்தில் கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தார் உத்தியோகம் பார்த்தவர் சுலோசன முதலியார். பாலம் கட்டுவதற்குப் பொதுமக்களிடம் பணம் வசூலிக்கலாம் என்று பேச்சு நடந்தபோது, செலவைத் தாமே ஏற்றுக்கொண்டார். அவர் மனைவி வடிவாம்பாள் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார் என்பது ஊர் வழக்கு. காப்டன் பேபர் திட்டம் வரைந்தார், ஹார்ஸ்லி கட்டினார். லண்டன் வாட்டர்லூ பாலத்தின் சாயலில் பதினொரு வளைவுகளோடு எழுந்த பாலம் 1843 நவம்பரில் திறக்கப்பட்டது. மூலமான வாட்டர்லூ பாலத்தை லண்டன்காரர்கள் 1930-களில் இடித்துவிட்டு வேறொன்று கட்டிக்கொண்டார்கள். நம்முடைய பாலமோ அகலமாக்கப்பட்டு இன்னமும் பாரம் சுமக்கிறது.

சர்க்கார் உத்தியோகத்தில் சம்பாதிப்பவர்களைப் பற்றித்தான் நாம் அதிகம் கேள்விப்படுகிறோம். உத்தியோகத்தில் இருந்துகொண்டே கைப்பொருளை இழக்கத் துணிந்த ஒருவருக்கு எத்தனை தலைமுறை நன்றி சொன்னாலும் தகும்.

ஆயினும் ஒவ்வொரு வசதியும் ஒரு பழக்கத்தை விலையாக வாங்கிக்கொள்கிறது. பாலம் வந்தபின் ஆற்றை மேலிருந்து பார்த்தோம். பிறகு பார்ப்பதையே விட்டோம். தண்ணீர் எதுவரை ஏறும் என்று அறிந்தவர் சொல்லைக் கேட்க வேண்டிய அவசியம் போயிற்று. கரையோரத்தில் வீடுகள் இறங்கி வந்தன.

முன்னோர் இந்த விஷயத்தில் விவரமானவர்கள். குறுக்குத்துறையில் முருகன் கோயிலை ஆற்றுக்குள்ளேயே எழுப்பினார்கள். ஆனால் வெள்ளம் வந்து மோதும் பக்கத்துச் சுவரைத் தோணியின் முனைபோல் அமைத்தார்கள். தண்ணீர் இரண்டாகப் பிளந்து போகும். சில சமயம் கோயிலை மூழ்கடித்தும் போகும். வடிந்ததும் சேற்றைக் கழுவிவிட்டுப் பூஜையைத் தொடங்குவார்கள். ஆற்றோடு வழக்காடாமல் குடித்தனம் செய்கிற வித்தை அது.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெருமழை கொட்டியது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர்! சிந்துபூந்துறையிலும் மீனாட்சிபுரத்திலும் ஆறு வீட்டுக்குள் நுழைந்தது. கடற்கரை மீனவர்கள் தங்கள் படகுகளை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்து, மாடிகளில் தவித்தவர்களை இறக்கிக் கரைசேர்த்தார்கள். பாலம் கட்டி நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பிறகு, திருநெல்வேலித் தெருவே தோணித்துறையாகிவிட்டது.

வந்தவர்கள் கடலை அறிந்தவர்கள். காப்பாற்றப்பட்டவர்கள் தங்கள் ஆற்றையே மறந்தவர்கள். பாலத்துக்கு முதலியாரின் பெயர் இருக்கிறது, அது நியாயம். அவருக்கு முன்னால் ஊரையே சுமந்த தோணிக்காரர்களில் ஒருவர் பெயர்கூட நம் நாவில் இல்லை. பெயர் போனால் போகட்டும். அவர்கள் அறிந்திருந்த ஆற்றையாவது நாம் மறுபடி அறிந்துகொள்ள வேண்டாமா?