எண்ணெய் வண்ண உருவப்படப் பயிற்சி

ஆளிவிதை எண்ணெயில் குழைத்த நிறங்களால் ஒருவரைக் கான்வாஸ் துணியில் அச்சு அசலாகத் தீட்டுவது எண்ணெய் வண்ண உருவப்படம். ஐரோப்பியர் வழியாக இங்கு வந்த முறை இது. அதற்கு முன்பே இங்கே மன்னர்களின் முகங்களைத் தீட்டினார்கள். இராமநாதபுரம் இராமலிங்க விலாசம் அரண்மனைக்குப் போனாலே பார்க்கலாம். 18ஆம் நூற்றாண்டுச் சுவரோவியங்களில் சேதுபதி மன்னர் திரும்பத் திரும்ப வருகிறார். ஆனால் அவை கோட்டில் நிற்கும் முகங்கள். ஒரு பக்கம் வெளிச்சம், மறுபக்கம் நிழல் என்ற கணக்கு எண்ணெய் வண்ணத்தோடு வந்தது.

அந்த வித்தையைத் தெரிந்தவர்கள் லேசில் சொல்லித்தரவில்லை. கிளிமானூரில் பிறந்த ஓவியர் ரவி வர்மா (1848–1906) 1862-இல் திருவனந்தபுரம் அரண்மனைக்கு வந்தார். அங்கிருந்த ஓவியர் இராமசாமி நாயக்கர் கற்பிக்க மறுத்தார். அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை ஆசானுக்குத் தெரியாமல் வந்து கற்றுக்கொடுத்ததாகச் சொல்வார்கள். 1868-இல் வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பாடம் நடத்தவில்லை. தீட்டும்போது பார்க்க மட்டும் விட்டார். 1873 சென்னைக் கண்காட்சியில் ரவி வர்மா ஆளுநரின் தங்கப் பதக்கம் பெற்றார். பாதிக்கு மேல் கண்ணால் கற்ற தொழில்.

புதிதாகத் தொடங்குபவர்கள் இடறுவது நிறத்தில்தான். முதலில் பழுப்பு ஒன்றே போதும். பர்ன்ட் அம்பரை டர்பன்டைனில் நீர்க்கக் கரைத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, முகத்தை வெளிச்சம், நடுத்தரம், நிழல் என்று மட்டும் பிரித்துப் போட வேண்டும். இது அமைந்தால் ஆள் அடையாளம் வந்துவிடும். இமையும் மீசையும் கடைசியில். எண்ணெய் ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல இறுகும். இறுகுமுன், ஈரம் இருக்கும்போதே நிழலை வெளிச்சத்தோடு இழைக்கலாம். மேல் பூச்சுகளில் எண்ணெய் கூடிக்கொண்டே போக வேண்டும். மாற்றிச் செய்தால் படம் வெடிக்கும்.

'ஃப்ளெஷ் டின்ட்' என்று விற்கும் தோல் நிற ட்யூப் நம் தோலுக்கு ஆகாது. யெல்லோ ஆக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் நீலம், வெள்ளை இருந்தால் மாநிறமும் கறுப்பும் வரும். நிழலுக்குக் கறுப்பைக் கொட்டினால் கரி பூசிய முகம்தான் மிஞ்சும். வெட்டவெளியில் கறுத்த நெற்றியில் மின்னும் ஒளியில் வானத்தின் நீலம் கலந்திருக்கும். போட்டோவைப் பார்த்தே பழகியவர்கள் இதைத் தவறவிடுவார்கள். கடலோர ஈரக்காற்றில் கான்வாஸ் பூஞ்சணம் பிடிக்கும். சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது.

கும்பகோணம் பக்கத்தில் பிறந்த ஓவியர் எஸ். இளையராஜா (1979–2021) தமிழ்ப் பெண்களின் மாநிற முகங்களை இயல்பான ஒளியில் தீட்டிப் பெயர்பெற்றார். முறையாகப் படிக்க, 1850-இல் அலெக்சாண்டர் ஹண்டர் தொடங்கிய பள்ளியிலிருந்து வளர்ந்த சென்னை அரசு கவின் கலைக் கல்லூரியும், கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியும் இருக்கின்றன.