அம்மணியைப் பார்த்தவர்

நாட்டியத்துக்குச் சரித்திரம் எழுத உட்காருகிறவன் விசித்திரமான ஒரு சங்கடத்தில் இருக்கிறான். கவிதையின் சரித்திரத்தை எழுதுகிறவன் முன் கவிதை இருக்கிறது. சிற்பத்துக்குக் கல் இருக்கிறது. சங்கீதத்தில்கூட சாகித்யமும் ஸ்வரக் குறிப்பும் எஞ்சுகின்றன. நாட்டியம் ஆடி முடிந்த கணத்தோடு போய்விடுகிறது. மிஞ்சுவது பார்த்தவன் சொன்ன வார்த்தை. ஆகவே நாட்டிய சரித்திரம் என்று நாம் படிப்பதில் பெரும் பகுதி ரசிகர்களின் சரித்திரம்தான். இதை ஒப்புக்கொள்ள நம் விமர்சகர்களுக்குத் தயக்கம் உண்டு. ரசிகன் என்றால் சபாவின் முன்வரிசையில் தலையாட்டுகிறவன் என்று அவர்களுக்கு நினைப்பு. பரவசத்தை நம்பிச் சரித்திரம் எழுத முடியுமா என்று நண்பர் ஒருவர் என்னிடம் சற்றுக் கோபத்துடனேயே கேட்டார். வேறு சாட்சி இல்லாத வழக்கில் இருக்கிற சாட்சியைத்தான் கூண்டில் ஏற்றியாக வேண்டும். ஆனால் குறுக்கு விசாரணை இல்லாமல் விடக் கூடாது என்றேன். அப்படி ஒரு ரசிகரை இங்கே விசாரிக்க உத்தேசம். அவர் பாரீஸ்காரர். அவர் பார்த்த நாட்டியக்காரி நமது பழைய தென்னாற்காடு ஜில்லாக்காரி.

கடலூருக்கு மேற்கே கெடிலம் கரையில் திருவந்திபுரம் இருக்கிறது. தேவநாதப் பெருமாள் கோயில் கொண்ட ஊர். வேதாந்த தேசிகர் வாழ்ந்த ஊர் என்பதால் வைஷ்ணவர்களுக்கு இன்னும் விசேஷம். அந்தக் கோயிலைச் சேர்ந்த தேவதாசிகள் ஐந்து பேரையும் வாத்தியக்காரர்கள் மூவரையும் டார்டிவெல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டு பாண்டிச்சேரியிலிருந்து கப்பலேற்றினார். 1838ஆம் ஆண்டுக் கோடையில் அவர்கள் பிரான்ஸ் போய்ச் சேர்ந்தார்கள். தில்லம்மாளுக்கு முப்பது வயது இருக்கலாம். அம்மணிக்குப் பதினெட்டு. ரங்கம், சுந்தரம் இருவரும் பதின்மூன்று, பதினான்கு வயதுப் பெண்கள். வேதம் என்ற குழந்தைக்கு ஆறு வயது. நட்டுவனார் ராமலிங்கம் கூடப் போனார். பாரீஸில் மன்னன் லூயி பிலிப்பின் முன் ஆடினார்கள்; பிறகு வரியேத்தே நாடக அரங்கில் டிக்கெட் வாங்கியவர்கள் முன் ஆடினார்கள். அதே ஆண்டு லண்டனில் அடெல்ஃபி அரங்கிலும் ஆடினார்கள். தஞ்சாவூர்ச் சகோதரர்கள் நால்வரின் காலம் அது. சதிர்க் கச்சேரியின் உருப்படி வரிசை நமது ஊரிலேயே அப்போதுதான் கெட்டிப்பட்டுக்கொண்டிருந்தது. 'கலாசாரத் தூதர்' என்கிற சர்க்கார் பாஷை பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேல் முந்திய சமாசாரம்.

நான் வங்கியில் குமாஸ்தா. எந்த ஒப்பந்தத்தைக் கேள்விப்பட்டாலும் அதில் கையெழுத்து யாருடையது என்றுதான் முதலில் பார்க்கத் தோன்றுகிறது. ஆறு வயது வேதத்தின் சார்பில் யாரோ சம்மதித்திருக்கிறார்கள். கோயிலுக்குப் பொட்டுக் கட்டுவதற்கும் அப்படித்தான் யாரோ சம்மதித்திருப்பார்கள். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பின்னால் வேண்டியிருக்கும்.

ரசிகரின் பெயர் தியோஃபில் கோத்தியே. கவி, நாவலாசிரியர், 'லா பிரெஸ்' பத்திரிகையின் விமர்சகர். பாலே என்றால் உயிரை விடுகிறவர். மூன்று வருஷம் கழித்து 1841இல் பாரீஸ் ஆப்பராவில் அரங்கேறிய 'ஜிஸெல்'லுக்குக் கதை எழுதியவர்களில் ஒருவர். அதில் ஆடிய கார்லோட்டா கிரீஸியை ஆயுள் முழுதும் உபாசித்தவர். மரீ தாலியோனியைக் கிறிஸ்துவ நர்த்தகி என்றும் ஃபான்னி எல்ஸ்லரைப் பிற சமய நர்த்தகி என்றும் அவர் பிரித்த பிரிவினையை பாலே எழுத்தாளர்கள் இன்றும் விடவில்லை. ஓவியராகப் பயிற்சி பெற்றுப் பிறகு எழுத்துக்கு வந்தவர் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். அவருடைய கண் அவருடைய காதைவிடக் கூர்மையானது.

இப்படிப்பட்டவர் 1838 ஆகஸ்டில் அம்மணியைப் பார்த்தார். அதற்கு முன்பே பாரீஸுக்கு இந்திய நர்த்தகியைத் தெரியும். 1830இலேயே 'கடவுளும் பயதேரும்' என்ற ஆப்பரா-பாலேயில் தாலியோனி வெள்ளை மஸ்லின் உடுத்தி இந்திய நர்த்தகியாக ஆடிவிட்டார். பயதேர் என்றால் நுனிக்காலில் மிதக்கிற ஆவி என்று ஊர் முடிவு செய்திருந்தது. அந்த ஊருக்குத் திருவந்திபுரத்திலிருந்து வந்தவர்கள் பாதம் முழுதும் பதியத் தட்டி ஆடியபோது பலருக்கு ஏமாற்றம். அசல் வந்து நகல் மாதிரி இல்லையே என்று குறைப்பட்டார்கள். கோத்தியே அந்தக் கட்சியில் சேரவில்லை என்பது அவருடைய பெருமை. ஆப்பராவின் அளவுகோலை அவர் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். ஐந்து பேரில் அம்மணியை அவர் கண் பிடித்துக்கொண்டது.

குறுக்கு விசாரணை இங்கே ஆரம்பமாகிறது. அம்மணியைப் பற்றி அவர் எழுதியதில் தோலின் நிறம் இருக்கிறது. கண் இருக்கிறது. மூக்குத்தியும் காதணிகளும் சலங்கையும் இருக்கின்றன. ஒரு சித்திரக்காரன் வர்ணம் குழைப்பது போல அவளைக் குழைக்கிறார். பாட்டு இல்லை. அதாவது பாட்டின் ஓசை இருக்கிறது, அர்த்தம் இல்லை. அபிநயம் என்பது வார்த்தையின் மேல் நிற்கிற கலை. ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதைப் பத்து விதமாகக் கைக்கும் கண்ணுக்கும் மாற்றுகிறபோது, சொல் தெரியாதவனுக்குக் கையும் கண்ணும் மட்டுமே தெரியும். பாரீஸ் மக்களுக்கு மிகவும் பிடித்த உருப்படிகளில் ஒன்று, சுழன்றுகொண்டே மஸ்லின் துணியை முடிந்து பனைமரமும் புறாக்களுமாகச் செய்து காட்டுவது. அது மொழி தேவைப்படாத வித்தை. எது பிடித்தது என்பதே பார்வையாளனின் எல்லையைக் காட்டிக் கொடுத்துவிடுகிறது.

இன்னொரு விஷயம். பத்திரிகைக்காரர்களுக்கு அவர்கள் முதலில் ஆடிக் காட்டிய ஜாகை இருந்த தெருவுக்கு 'விதவைகள் சாலை' என்று அர்த்தமாகும் பெயர். இன்றைய அவென்யூ மோந்தேன் அது. நம்மூரில் தேவதாசியை நித்திய சுமங்கலி என்பார்கள். கல்யாண வீட்டில் தாலிக்குப் பாசி கோத்துத் தரும் உரிமை அவளுக்கு உண்டு. அவள் போய் இறங்கிய இடம் விதவைகள் சாலை. அகராதியின் அகஸ்மாத்து என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் அந்தப் பெண்கள் தங்கள் ஊரில் யார், அவர்களுக்கு என்ன மரியாதை, அந்த மரியாதைக்கு என்ன விலை என்று கேட்க பாரீஸில் ஆள் இல்லை என்பது அகஸ்மாத்து அல்ல. சிற்பி ஓகுஸ்த் பார் அம்மணியை வெண்கலத்தில் சிறு உருவமாக வார்த்தார். பத்திரிகைகள் அவளை வார்த்தையில் வார்த்தன. அவள் என்ன நினைத்தாள் என்பது இரண்டிலும் இல்லை. பிற்பாடு லண்டன் மூடுபனியில் மனம் கசந்து அவள் தூக்குப் போட்டுக்கொண்டாள் என்று கோத்தியே எழுதினார். சாவைக்கூட அவர் வாயிலிருந்துதான் கேட்க வேண்டியிருக்கிறது.

அதன்பின் நடந்தது பலருக்கும் தெரிந்த கதை. கோத்தியே 1858இல் 'சகுந்தலா'வை பாலேயாக்கினார். 1877இல் பீட்டர்ஸ்பர்க்கில் பெத்திபா 'லா பயதேர்' அமைத்தார். அதில் நிக்கியா என்ற கோயில் நர்த்தகியாக 1902இல் ஆடியவர் அன்னா பாவ்லோவா. அந்தப் பாவ்லோவாவை இருபதுகளின் கடைசியில் சந்தித்துப் பாலே கற்கத் தொடங்கியவர் ருக்மிணி தேவி. உன் நாட்டுக் கலையைப் பார் என்று பாவ்லோவா சொன்னதாகக் கேட்டிருக்கிறோம். 1935 டிசம்பரில் ருக்மிணி தேவி அடையாற்றில் மேடையேறினார், 1936இல் கலாக்ஷேத்திரம் பிறந்தது. ஆகத் திருவந்திபுரத்தில் புறப்பட்டது பாரீஸ், பீட்டர்ஸ்பர்க் எல்லாம் சுற்றி அடையாறு வந்து சேர்ந்தது என்று வட்டம் போட்டுவிடலாம். போட்டுக் காட்டினால் கைதட்டலும் கிடைக்கும். எனக்கு இந்த வட்டத்தில் நம்பிக்கை இல்லை. இதில் சுற்றி வந்தது ஒரு பெயரும் ஓர் உடுப்பும் ஒரு கற்பனையும். அம்மணி கற்ற அடவும் பதமும் அந்த வழியாக வரவில்லை. அவை நட்டுவனார் வீட்டுத் திண்ணைகளிலும் தாசி வீடுகளிலும் இங்கேயே இருந்தன. ருக்மிணி தேவியே கற்றுக்கொள்ளப் போன இடம் மயிலாப்பூர் கௌரி அம்மாளும் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையும்.

இந்தச் சமயத்தில் திருவக்கரையைப் பற்றிச் சொல்ல வேண்டும். திண்டிவனத்துக்கும் பாண்டிக்கும் நடுவில் உள்ள இந்த ஊருக்கு வக்கிரகாளியைக் கும்பிட வருகிறவர்கள்தான் அதிகம். செம்பியன் மாதேவி கற்றளி எடுத்த ஊர். இங்குள்ள நடராஜரின் கோலத்தை வக்கிர தாண்டவம் என்பார்கள். ஊரை ஒட்டிக் கல்மரங்கள் கிடக்கின்றன. வயது சுமார் 2 கோடி ஆண்டு. அவை புதைந்திருக்கும் பாறைக்கு நிலவியல்காரர்கள் வைத்த பெயர் கடலூர் மணற்கல். 1940இலிருந்து பாதுகாக்கப்பட்ட பூங்கா. பட்டை தெரிகிறது, வளையம் தெரிகிறது, தட்டினால் கல். மரத்தின் ஒவ்வொரு அணுவறையிலும் மணற்சத்து புகுந்து உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு வஸ்துவை மாற்றிவிட்டது. ஒன்றுக்கும் வேரில்லை, கிளையில்லை. எங்கோ வளர்ந்து வெள்ளத்தில் அடித்து வரப்பட்டவை என்கிறார்கள்.

இந்தக் கல்மரங்களை 1781இல் பதிவு செய்த ஐரோப்பியர் சொன்னெரா என்ற பிரெஞ்சு இயற்கைவாதி. மறு ஆண்டு வெளியான அவருடைய பிரயாண நூலில் நாட்டியப் பெண்களும் வருகிறார்கள். அவர்களுடைய உண்மையான பெயர் தேவதாசி, பயதேர் என்பது போர்த்துகீசியச் சொல்லிலிருந்து நாம் உண்டாக்கியது என்று அவர் எழுதியிருக்கிறார். கோத்தியேவுக்கு ஐம்பத்தாறு வருஷம் முந்தியே உண்மைப் பெயர் பாரீஸில் அச்சாகிவிட்டது. அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. ரசிகனின் பரவசத்தில் நாட்டியத்துக்கு நேர்வது இந்த மரங்களுக்கு நேர்ந்ததுதான் என்று எனக்குப் படுகிறது. உருவம் துல்லியமாக நிற்கும். உள்ளே இருப்பது வேறு பொருள். ஆனாலும் கல்மரம் இல்லாவிட்டால் அப்படி ஒரு காடு இருந்ததே நமக்குத் தெரியாது. கோத்தியேவை நான் தூக்கி எறியாததற்குக் காரணம் இதுதான்.

நான் யாரையும் குறைகூறும் தகுதியில் இல்லை. நானும் அப்படிப்பட்ட ரசிகன்தான். என் தெய்வம் பாலசரஸ்வதி. அவர் 1984இல் காலமானார். நான் பிறந்தது அதற்குப் பின். சத்யஜித் ராய் 1976இல் எடுத்த 'பாலா' படத்தை எத்தனை முறை பார்த்தேன் என்று கணக்கில்லை. ஐம்பத்தெட்டு வயதில் மாமல்லபுரம் கடற்கரையில் 'கிருஷ்ணா நீ பேகனே' ஆடுகிறார். காற்றும் அலையும் ஒரு பக்கம் தொந்தரவு. அவருடைய முகத்தில் தாயாகிற அந்த நொடிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டில்லை. ராய் பள்ளிச் சிறுவனாகக் கல்கத்தாவில் பாலாவின் ஆட்டத்தைப் பார்த்தவர். நாற்பது வருஷ ஞாபகம் காமிராவைப் பிடித்திருக்கிறது. படத்தில் நான் பார்ப்பதில் எவ்வளவு பாலா, எவ்வளவு ராய் என்று பிரித்துச் சொல்லத் தெரிய வேண்டும். நிஜின்ஸ்கிக்கு இந்த அளவு பாக்கியம்கூட இல்லை. அவருடைய ஆட்டம் ஓர் அடிகூடப் படமாகவில்லை. பாலே உலகம் அவரைப் புகைப்படத்திலும் பார்த்தவர் வாக்கிலும் மட்டுமே வைத்துக்கொண்டிருக்கிறது.

என் நண்பருடைய கோபத்துக்கு உண்மையான காரணம் வேறு. பாலாவைப் பூஜிப்பது தாசி முறைக்கு ஏங்குவதுதானே என்பது அவர் கேள்வி. நியாயமான கேள்வி. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் அந்த வாழ்க்கையை உள்ளிருந்து தெரிந்து எதிர்த்தவர்; 1936இல் நாவலே எழுதினார். முத்துலட்சுமி ரெட்டி சட்டசபையில் போராடினார். 1947இல் சட்டம் வந்தது. ஆறு வயது வேதத்தின் சம்மதத்தை யார் கொடுத்தது என்று கேட்டால், அந்தச் சட்டம் வேண்டும் என்றுதான் யோக்கியன் சொல்வான். ஆனால் சட்டம் முறையை ஒழித்த அதே வருஷங்களில் நாட்டியம் பெயர் மாறி, வீடு மாறி, சபா மேடையில் கௌரவமான இடத்தில் உட்கார்ந்துகொண்டது. ஆடியவர்களில் பெரும்பாலோர் வாசலுக்கு வெளியே நின்றார்கள். விராலிமலை முத்துக்கண்ணம்மாளுக்கு சர்க்கார் பத்மஸ்ரீ கொடுத்தது 2022இல். முருகன் கோயிலுக்குப் பொட்டுக் கட்டப்பட்ட முப்பத்திரண்டு பேரில் எஞ்சியவர் அவர். முறை போனதற்கு மகிழ்வதும், மனுஷிகள் மறக்கப்பட்டதற்கு வெட்கப்படுவதும் ஒரே மனத்தில் இருக்க முடியும். இருக்க வேண்டும்.

பாலசரஸ்வதி 1975இல் தமிழிசைச் சங்கத்தில் தலைமையுரை ஆற்றினார். அலாரிப்பு கோபுரம், ஜதிஸ்வரம் அர்த்தமண்டபம், சப்தம் பெரிய மண்டபம், வர்ணம் தெய்வத்தின் சந்நிதி என்று கச்சேரியின் வரிசையை ஒரு கோயிலாக விளக்கினார். ரசிகர் எவரும் அவருக்குச் சொல்லிக் கொடுத்த விளக்கமல்ல அது. ஆடிய உடம்பு தானே யோசித்துச் சொன்னது. பாரீஸில் அம்மணி ஆடியதிலிருந்து எண்ணினால் 137 வருஷம். அவளுக்குத் தெரிந்திருந்தும் எந்தப் பத்திரிகைக்காரரும் கேட்டுக்கொள்ளாத ஏதோ ஒன்று அந்தப் பேச்சில் இருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. அதைச் சரித்திரம் என்று நிரூபிக்க என்னால் முடியாது. பிரெஞ்சுக்காரர்கள் அவள் பெயரை 'அமானி' என்று அச்சடித்தார்கள். தமிழில் அது அம்மணி. பெற்றவர்கள் இட்ட பெயரோ, கப்பலில் கூட வந்தவர்கள் கூப்பிட்ட விளியோ, எழுதும்போது சரியாக எழுதுவோம்.