வசவுக்கு ஊர்ப் பெயர்

தேர்தல் மேடையில திட்டுறதெல்லாம் ஓட்டு எண்ணி முடிச்சதும் ஆறிப்போயிடும்னு எதிரணி அம்மா சிரிச்சுக்கிட்டே சொல்லிட்டுப் போனாங்க. ஆறுமா? இங்கிலாந்து வரலாற்றைக் கொஞ்சம் புரட்டிப் பார்ப்போம்.

மன்னர் இரண்டாம் சார்லசுக்கு முறையான பிள்ளை இல்லை. (முறை தவறிய பிள்ளைகள் நிறைய. குடும்பத்தோட வந்திருக்கீங்க, அது வேண்டாம்.) அடுத்த வாரிசு தம்பி ஜேம்ஸ். அவரோ கத்தோலிக்கர், நாடோ புராட்டஸ்டண்ட் நாடு. ‘அவருக்கு முடி கூடாது’ என்றது ஒரு கூட்டம். ‘பிறப்புரிமையைத் தடுக்க நீ யார்?’ என்றது இன்னொரு கூட்டம். 1679 தொடங்கி 1681-க்குள்ள மூணு பொதுத் தேர்தல்!

ஜேம்சை வேண்டாம்னவங்களுக்குக் கிடைச்ச வசவு ‘விக்’. தலையில வைக்கிற விக் இல்லீங்க; அதையும் அந்தச் சீமான்கள் வச்சிருந்தாங்க, அது வேற! 1648-ல் எடின்பரோ மேல திரண்டு போன தென்மேற்கு ஸ்காட்லாந்துக் கலகக்காரர்களுக்கு இருந்த பேரு அது. பதிலுக்கு ஜேம்ஸ் பக்கம் நின்னவங்களுக்கு ‘டோரி’ன்னு பட்டம். அதாவது அயர்லாந்து வழிப்பறிக்காரன். திட்டினவங்க, திட்டு வாங்கினவங்க எல்லாரும் பெரும்பாலும் இங்கிலாந்துக்காரங்கதான். கல்லு மட்டும் பக்கத்து ஊர்ல பொறுக்கினது!

திட்டு வாங்கினவங்க என்ன பண்ணாங்க? அதையே கட்சிப் பேரா வச்சுக்கிட்டாங்க. விக் கட்சி 1859-ல் லிபரல் கட்சியோட கலந்துபோச்சு. டோரி நிக்குது. 2024 தேர்தல்ல கன்சர்வேடிவ் கட்சி தோத்தப்பவும் பத்திரிகைகள் ‘டோரி’ன்னுதான் எழுதின.

‘பாத்தீங்களா, வசவே வாழ்த்தாயிடுச்சே’ன்னு எதிரணி கைதட்டுது. கொஞ்சம் பொறுங்க. அந்த நிஜ டோரி யாரு? 1649-ல் கிராம்வெல் படை அயர்லாந்தில் இறங்கிச்சு. 1652-ல் சட்டம் போட்டு நிலத்தைப் பிடுங்கினாங்க. நிலம் போனவங்கள்ல சிலர் காட்டுலயும் சதுப்புலயும் ஒளிஞ்சு கொள்ளையடிச்சுப் பிழைச்சாங்க. ‘துரத்து’ங்கிற பொருள் உள்ள ஐரிஷ் வேர்ல இருந்து வந்த பேரு அது. அவங்க தலைக்கு விலை வச்சாங்க, ஓநாய்த் தலைக்கு வச்ச மாதிரி.

லண்டன் சீமான் டோரின்னா மந்திரியாகலாம். 1695-லயோ டப்ளின் பாராளுமன்றம் டோரிகளை ஒடுக்கத் தனிச் சட்டமே போட்டது. அவன் கொள்ளையடிச்சா, நட்டத்தைக் கட்ட வேண்டியது அந்த வட்டாரத்துச் சனங்க!