எலிக்குப் பலித்தது, நமக்கு?

பக்கவாதம் சொல்லிக்கொண்டு வராது. ஆனால், ஆராய்ச்சிக்கு வேண்டுமே? வரவழைக்க வேண்டியதுதான்! 1986-ல் ஜப்பானில் கொய்சுமி குழுவினர் செய்தது அதைத்தான். எலியின் கழுத்து ரத்தக்குழாய் வழியாக நைலான் இழையைச் செலுத்தி, மூளைக்குப் போகும் ரத்தத்தை அடைத்தார்கள். இழையை உருவினால் ரத்தம் மறுபடி பாயும். பிற்பாடு சுண்டெலிகளுக்கும் இதே கதி.

அப்புறமென்ன, மருந்துகள் குவிந்தன. 2006-ல் வெளியான ஒரு கணக்குப்படி, சோதனைக்கு வந்த சிகிச்சைகள் மட்டும் 1,026! எலிகளிடம் பாஸான பல மருந்துகள் மனிதர்களிடம் கவிழ்ந்தன.

ஏன்? சோதனை எலி பெரும்பாலும் இளசு, ஆரோக்கியமானது. அடைப்பு எந்த நிமிடம் என்பதும் தெரியும். நம்ம ஆளோ அறுபதைத் தாண்டியவர். சர்க்கரை, பிரஷர் வேறு. 'கை மரத்துப்போச்சு, படுத்தா சரியாயிடும்' என்று தூங்கப் போய்விடுவார்.

எலி சொன்ன ஒரு பாடம் மட்டும் நமக்கும் பலித்தது: அடைப்பு சீக்கிரம் நீங்கினால் மூளை அதிகம் பிழைக்கும். வாய் கோணினால், பேச்சு குழறினால் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்!