வீழ்த்தும் பிடிகள்

எதிராளியை நிலைகுலையச் செய்து தரையில் சாய்க்கும் நுட்பங்கள். தமிழில் இதற்குப் பழஞ்சான்று புறநானூற்றின் 80ஆம் பாடல். சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை வென்ற மற்போரில், ஒரு கால் மார்பை அழுத்த, மறு கால் எதிரியின் உபாயத்தைத் தடுத்து முதுகை வளைத்ததைச் சாத்தந்தையார் கண்முன் நிறுத்துகிறார்.

தூத்துக்குடி மாவட்டத்தில் இன்று இந்நுட்பங்களைக் கபடியில் காணலாம். அங்குள்ள மணத்தி ஊரைச் சேர்ந்த கணேசன், 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடியவர். அர்ஜுனா விருதும் பெற்றார். கபடியில் எதிரணியிலிருந்து பாடிவருபவர் நடுக்கோட்டை நோக்கித் திரும்பும்போது உடல் எடை முழுதும் ஒரே காலில் நிற்கும். அந்த நொடியில் கணுக்காலையோ தொடையையோ பற்றி இழுத்தால் அவர் நிலை தவறுவார். தாமதித்தால் பிடித்தவரையே இழுத்துச் சென்றுவிடுவார்.

ஒரு கலையின் பிடி இன்னொன்றில் அப்படியே செல்லாது. ஃப்ரீஸ்டைல் மல்யுத்தத்தில் காலைப் பிடிக்கலாம். கிரேக்க-ரோமன் முறையில் இடுப்புக்குக் கீழே பிடிப்பது தவறு. 1882இல் ஜிகோரோ கானோ தோற்றுவித்த ஜூடோவிலும் இன்றைய போட்டி விதிகள் கால்பிடியைத் தடுக்கின்றன. ஆனால் எறியக் கற்பிக்கும் முன்பே அடிபடாமல் விழக் கற்பிப்பது ஜூடோவின் சிறப்பு. கபடிப் பயிற்சியிலும் அதையே முதல் பாடமாக்க வேண்டும்.