பேர் சொல்லிப் போட்ட பாட்டுகள்

2024 ஜனவரி 25 பின்னேரம் பவதாரிணி காலமானார் என்ற செய்தி வந்தபோது, எங்களில் பலர் திரும்ப ஒருக்கா வாசித்தது இடத்தைத்தான். கொழும்பு. சிகிச்சைக்காக இலங்கைக்கு வந்திருந்தவர், 47 வயதில், எங்கட ஊரில் உயிரை விட்டார். அதே கிழமை அப்பா இளையராஜாவும் இங்கேதான் இருந்தார். 27, 28ஆம் திகதிகளில் அவருடைய இசை நிகழ்ச்சி கொழும்பில் நடக்க இருந்தது. அது தள்ளிப்போனது. அடுத்த நாள் உடல் சென்னைக்குப் போனது. அங்கிருந்து தேனி மாவட்டத்துக்குக் கொண்டுபோய் அடக்கம் செய்தார்கள்.

இது எங்களுக்குப் பழக்கமில்லாத திசை. வழமையாகச் சாவுச் செய்தி சென்னையில் இருந்துதான் வரும். 2013 மே மாதம் ரி.எம். சௌந்தரராஜன், 2015 ஜூலையில் எம்.எஸ். விஸ்வநாதன், 2020 செப்டெம்பரில் எஸ்.பி. பாலசுப்ரமணியம், 2023 பெப்ரவரியில் வாணி ஜெயராம். எஸ்.பி.பி. போன நேரம் கொரோனாவால் கட்டுநாயக்கா விமான நிலையம் பயணிகளுக்கு மூடிக் கிடந்தது. மூடாவிட்டாலும் எத்தனை பேர் போயிருப்பம்? கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து பாட்டைப் போட்டு அழுவதுதான் எங்கட முறை.

அந்த அழுகையில் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறீர்களா? பவதாரிணிக்காக எங்கட ஆக்கள் போட்ட ஸ்டேட்டஸ்களில் "RIP" மட்டும் எழுதிவிட்டுப் போனவர்கள் இருந்தார்கள்தான். ஆனால் கொஞ்சம் வயது கூடியவர்கள் விபரத்தோடு எழுதினார்கள். 2000இல் வந்த 'பாரதி' படத்தில் பாடிய பாட்டுக்குத் தேசிய விருது. 2002இல் ரேவதி இயக்கிய 'மித்ர், மை ஃபிரெண்ட்' படத்துக்கு இசை அவர்தான். பாடகி என்று மட்டும் சொல்லாதீங்கோ. படம், ஆண்டு, பாடியவர், இசையமைத்தவர் என்று ஒழுங்காக அடுக்கிச் சொல்லும் இந்தப் பழக்கம் எங்கே இருந்து வந்தது?

என்னுடைய பதில்: றேடியோவில் இருந்து.

ஏக்கலையில் இருந்து வந்த குரல்

கொழும்பில் வானொலி ஒலிபரப்பு 1925 டிசெம்பரில் தொடங்கியது. இரண்டாம் உலகப் போர் நேரம் நேச நாட்டுப் படைகளுக்காக ஏக்கலையில் வலுவான சிற்றலை ஒலிபரப்பி நிறுவப்பட்டது. போர் முடிந்தபின் அது இலங்கையின் கைக்கு வந்தது. 1949இல் 'ரேடியோ சிலோன்' பிறந்தது. 1952இல் இந்தியாவில் பி.வி. கேஸ்கர் தகவல் ஒலிபரப்பு அமைச்சரானார். சினிமாப் பாட்டு ரசனையைக் கெடுக்கும் என்று நினைத்தவர் அவர். ஓல் இந்தியா ரேடியோவில் சினிமாப் பாட்டு ஏறக்குறைய இல்லாமலே போனது. சென்னையில் பதிவான பாட்டைச் சென்னைக்காரர் கேட்க, கொழும்புக்கு றேடியோவைத் திருப்ப வேண்டி வந்தது. தமிழ் வர்த்தக சேவைக்கு இங்கே எத்தனை ரசிகர்களோ, அங்கேயும் அத்தனை பேர்.

அந்தச் சேவையின் அறிவிப்பாளர்கள் பாட்டைச் சும்மா போடவில்லை. படத்தின் பேர், பாடியவர்கள், கவிஞர், இசையமைப்பாளர் எல்லாரையும் பேர் சொல்லி அறிவித்தார்கள். 'பொங்கும் பூம்புனல்', 'நீங்கள் கேட்டவை', 'இசையும் கதையும்' என்று நாள் முழுக்க இது நடந்தது. பாட்டுக் கேட்டவருடைய பேரும் ஊரும்கூட வாசிக்கப்பட்டன. முகம் காட்டாத அந்தப் பெட்டிக்குள் எல்லாருக்கும் ஒரு பேர் இருந்தது. கொட்டாஞ்சேனையில் லைன் வீட்டில் ஒருவர் றேடியோவைக் கூட்டி வைத்தால் பக்கத்து நாலு வீட்டுக்கும் அதுதான் பாட்டு. என்னுடைய அம்மம்மா பள்ளிக்கூடத்தில் படித்ததை எல்லாம் மறந்துவிட்டா. ஆனால் ஒரு பழைய பாட்டு தொடங்கினால், பாட்டுக்காரர் வாய் திறக்க முதலே இசை யார், வரிகள் யார் என்று சொல்லிப்போடுவா. "அது றேடியோக்காரர் தினமும் சொல்லித் தந்த பாடம்" என்பா.

அதே வானொலியில் இன்னொரு அறிவித்தலும் போனது. மரண அறிவித்தல். பிறந்த இடம், வதிவிடம், இன்னாரின் மகன், இன்னாரின் கணவர், இன்னாரின் பாசமிகு தந்தை, 'அன்னாரின்' இறுதிக் கிரியைகள் எத்தனை மணிக்கு. வடக்குக் கிழக்கிலும் மலையகத்திலும் சொந்தக்காரர் சிதறிக் கிடந்த நாட்டில், தந்திக்கு அடுத்த வேகமான வழி அதுதான். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கோ. பாட்டு அறிவிப்பும் சாவு அறிவிப்பும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: ஒருவரைச் சுற்றி இருந்த மற்றவர்களையும் பேர் சொல்லி நிறுத்துவது. கொழும்புத் தமிழ் ரசிகர் தன் பாடகருக்கு அஞ்சலி எழுதும்போது இந்த இரண்டு வடிவமும் கலந்துதான் கையில் வருகின்றன என்று நான் நினைக்கிறேன்.

ஐம்பத்தைந்து நாட்களில் மூன்று சாவுகள்

2023 டிசெம்பர் 28இல் விஜயகாந்த் இறந்தார். ஈழத்தமிழருக்காகப் பிறந்தநாள் கொண்டாடுவதை நிறுத்தியவர் என்ற நினைவு இங்கே பலருக்கு இருந்தது. அவருக்கான துக்கத்தில் சினிமாவுக்கு வெளியே உள்ள ஒரு கடனும் சேர்ந்திருந்தது. அடுத்த மாதம் பவதாரிணி. அதற்கடுத்த மாதம், 2024 பெப்ரவரி 20இல், மும்பையில் அமீன் சயானி, 91 வயதில். 1952 முதல் அவர் நடத்திய 'பினாக்கா கீத்மாலா' என்ற ஹிந்திப் பாட்டு நிகழ்ச்சி பம்பாயில் பதிவாகி, நாடாவாகக் கொழும்புக்கு வந்து, இங்கிருந்துதான் இந்தியா முழுக்கப் போனது. இந்தியப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. ரேடியோ சிலோன் என்ற பேர் அவற்றில் திரும்பத் திரும்ப வந்தது. கொழும்பில் என் வயதுக்காரர் நடுவில் அந்தச் செய்தி ஒரு நாள்கூட நிற்கவில்லை.

சயானி ஹிந்திக்காரர், எங்களுக்குத் தெரியாது, சரி. தமிழ்ச் சேவைக்காரரைத் தெரியுமா? அந்தச் சேவையைத் தமிழ்நாடு வரை பிரபலமாக்கிய எஸ்.பி. மயில்வாகனம், 'திரை விருந்து' நடத்தி, வேகமான பேச்சாலேயே ரசிகர் கூட்டம் சேர்த்து, பிறகு கொழும்பில் கொல்லப்பட்ட கே.எஸ். ராஜா, வானொலி நாடகங்களிலும் அறிவிப்பிலும் வாழ்நாளைக் கழித்து 2012 மார்ச்சில் இறந்த இராஜேஸ்வரி சண்முகம். மற்ற எல்லாருடைய பேரையும் நாங்கள் மறக்காமல் பார்த்துக்கொண்டவர்கள் இவர்கள். இவர்களுடைய பேரைச் சொல்லப் பிறகு ஆள் இல்லை.

திரும்பக் கேட்காவிட்டால்

இது அறிவிப்பாளர்களோடு முடியவில்லை. ஏ.ஈ. மனோகரனை எடுங்கோ. 'சுராங்கனி' என்றால் தமிழ்நாட்டுக் கல்யாண வீட்டிலும் ஆடுவார்கள். சிங்களப் பைலாவையும் தமிழையும் ஒன்றாகக் கலந்து அந்தப் பாட்டை ஊர் ஊராகக் கொண்டுபோனவர் அவர். 1977இல் இளையராஜாவே 'அவர் எனக்கே சொந்தம்' படத்தில் அதைப் பயன்படுத்தினார். மனோகரன் 1978இல் எங்கட 'வாடைக்காற்று' படத்தில் நடித்தார். பிறகு தமிழ், மலையாளப் படங்களில் வில்லனாக வந்தார். 2018 ஜனவரி 22இல் சென்னையில் இறந்தார். பாட்டு உயிரோடு இருக்கிறது, பாடியவருடைய பேர் பாட்டில் இருந்து கழன்றுவிட்டது. இதற்கு என்ன காரணம் என்று யோசித்தால், 'தமிழருக்கு நன்றியில்லை' என்ற வழமையான ஏச்சு எனக்குப் போதவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பக்கத்து வீட்டு உதாரணம். பண்டித் அமரதேவ 2016 நவம்பர் 3இல் இறந்தபோது அரச மரியாதையோடு இறுதிக் கிரியை நடந்தது. ஒரு வாரம் தேசிய துக்கம். அதை நான் பொறாமையாகச் சொல்லவில்லை. சிங்கள ரசிகர்கள் தமிழ்ப் பேர்களையும் காப்பாற்றி வைத்திருக்கிறார்கள். நாகர்கோயிலில் பிறந்து இங்கே வந்த ஆர். முத்துசாமி சிங்களப் பட இசையின் பெரிய பேர்களில் ஒருவர். சேலத்தில் பிறந்த முஸ்லிம் பாடகர் மொஹிதீன் பேக் 1991இல் இறந்தார். வெசாக் வந்தால் இன்றும் அவருடைய குரல் வீதியில் கேட்கும். முதல் சிங்களப் பேசும் படமான 'கடவுணு பொரொந்துவ' 1947 ஜனவரியில் வந்தது; அதன் கதாநாயகி ருக்மணி தேவி, கொழும்புச் செட்டிக் குடும்பத்தில் டெய்சி ராசம்மாவாகப் பிறந்தவர். 1978 ஒக்டோபரில் வாகன விபத்தில் இறந்தார். அவருடைய பாட்டுகளை இன்றைக்கும் வானொலியில் கேட்கலாம்.

இவர்கள் நினைவில் இருக்கக் காரணம், ஒலிபரப்பு நிற்கவில்லை. பாட்டைத் திரும்பத் திரும்பக் கேட்டால்தான் புது ரசிகர் பிறப்பார். புது ரசிகர் இருந்தால்தான் சாவு வீட்டுக்கும் ஆண்டு நினைவுக்கும் ஆள் வரும். எங்கட ஆக்களுக்கு அந்தச் சங்கிலி பல இடத்தில் அறுந்தது. 1983 ஜூலையில் கே. குணரத்தினத்தின் ஹெந்தளை விஜயா ஸ்ரூடியோ எரிக்கப்பட்டது; படங்களின் மூலப் பிரதிகளும் அதோடு போயின. சிங்களப் படங்கள் எடுத்த தமிழ் இயக்குநர் கே. வெங்கட் அதே கலவரத்தில் கொல்லப்பட்டார். வெள்ளவத்தையில் பிளாசா, சவோய், றொக்ஸி, கொட்டாஞ்சேனையில் செல்லமஹால், ஜிந்துப்பிட்டியில் முருகன் என்று படமாளிகைகளின் பேரைப் பெரியவர்கள் அடுக்குவார்கள். அங்கே எந்த உள்ளூர்ப் படம் ஓடியது, யார் இசை என்று கேட்டால் பேச்சு நிற்கும். கலைஞர்களும் ரசிகர்களும் ஒரே காலத்தில் ஊரை விட்டுப் போனார்கள். ஒருவர் ரொறொன்ரோவில் இறப்பார், அவருடைய பாட்டை ஆசையாகக் கேட்டவர் பாரிஸில் இருப்பார், பாட்டு பதிந்த நாடா கொழும்பில் எங்கேயோ ஒரு அலுமாரிக்குள் இருக்கும்.

நாங்கள் அவிழ்த்துவிட்ட முடிச்சு

அறுந்த சங்கிலியைக் கொஞ்சக் காலம் ரெக்கோடிங் பார்கள் கட்டி வைத்தன. வெற்றுக் கசெட்டும் பாட்டுப் பட்டியலும் கொண்டுபோய்க் குடுத்தால் பதிந்து தருவார்கள். பட்டியல் எழுதத் தெரிய வேண்டுமே, அதனால் பேரும் தெரிந்திருந்தது. கசெட் அட்டையில் குண்டெழுத்தில் படத்தின் பேர் இருக்கும். இப்போது யூடியூபில் அதே பாட்டு "சிலோன் பழைய பாடல்" என்ற தலைப்பில் கிடக்கிறது. யார் பாடியது என்று கீழே ஒருவர் கேட்டிருப்பார், அதற்குக் கீழே ஒன்றும் இருக்காது. பாட்டைக் காப்பாற்றிய அதே கைதான் பேரைத் தொலைத்திருக்கிறது.

இன்னொரு பக்கத்தில் நடப்பதையும் பாருங்கோ. 2024 ஜூனில், தம்பி யுவன் சங்கர் ராஜாவின் இசையில் விஜய் படமான 'கோட்'டுக்காகப் பவதாரிணியின் குரல் செயற்கை நுண்ணறிவால் திரும்ப உருவாக்கப்பட்டு ஒரு பாட்டு வந்தது. அதே ஆண்டுத் தொடக்கத்தில் 'லால் சலாம்' படத்துக்காக ஏ.ஆர். ரஹ்மான், மறைந்த சாகுல் ஹமீது, பம்பா பாக்யா இருவருடைய குரலையும் குடும்பத்தின் சம்மதத்தோடு இப்படிக் கொண்டுவந்தார். அது அஞ்சலியா வியாபாரமா என்று அங்கே சண்டை நடந்தது. நியாயமான சண்டை. ஆனால் அந்தச் சண்டை பிடிக்கக்கூட ஒரு தகுதி வேண்டும்: குரல் சுத்தமாகப் பதிவாகி, யாருடையது என்று எழுதப்பட்டு, சம்மதம் கேட்கக் குடும்பத்தின் முகவரி இருக்க வேண்டும். எங்கட பொப் பாடகர்களில், வானொலி வாத்தியக் கலைஞர்களில் எத்தனை பேருக்கு இந்த மூன்றும் இருக்கின்றன?

இந்தியப் பாட்டுக் கேட்காதீங்கோ என்று சொல்ல நான் வரவில்லை. இளையராஜா இல்லாமல் எனக்கும் பஸ்ஸில் போக முடியாது. பவதாரிணிக்கு நாங்கள் செய்த அஞ்சலியின் அளவை எங்கட ஆக்களுக்கும் நீட்டலாம் என்றுதான் சொல்கிறேன். அதற்கான வடிவமும் எங்களிடம் ஏற்கனவே இருக்கிறது. முப்பத்தோராம் நாள் வீட்டில் குடுக்கிற கல்வெட்டை, நினைவு மலரைப் பாருங்கோ. தேவாரத்துக்கும் படத்துக்கும் நடுவில் ஒரு வாழ்க்கை வரலாறு இருக்கும். வயலின்காரர் ஒருவர் எந்த ஆண்டு வானொலியில் சேர்ந்தார், யாரோடு வாசித்தார் என்பதற்கு அந்த நாலு பக்கம்தான் ஒரே எழுத்துச் சான்றாக இருக்கலாம். 'நூலகம்' இணைய ஆவணகம் இப்படியான மலர்களை ஸ்கேன் பண்ணி வைத்து வருகிறது. வரலாறு படிக்கிற எங்களுக்கு அது அரச சுவடிக்கூடத்துக்குக் குறைந்த இடம் இல்லை.

வீட்டில் கல்வெட்டு இருந்தால் பழைய பேப்பரோடு போடாமல் ஸ்கேன் பண்ணிக் குடுங்கோ. கசெட் இருந்தால் அட்டையையும் படம் எடுத்துவிட்டுப் பாட்டை ஏற்றுங்கோ. பெரியவர்களிடம் ஊர்க்கதை கேட்கும்போது, அந்தப் பாட்டுக்கு ஓர்கன் வாசித்தது யார், றேடியோவில் அறிவித்தது யார் என்றும் ஒரு கேள்வி சேர்த்துக் கேளுங்கோ. பதில் கிடைத்தால் அந்த யூடியூப் கேள்விக்குக் கீழே எழுதிவிடுங்கோ: பாடியவர் இன்னார், வரிகள் இன்னார், இசை இன்னார். பழைய அறிவிப்பாளர்கள் ஒவ்வொரு பாட்டுக்கும் செலவழித்தது பத்து விநாடி. எங்களுக்கும் அதைவிடக் கூட ஆகாது.