தூரிகை கழுவும் தைலம்

எண்ணெய் வர்ணம் தீட்டும் அறைக்குள் அடியெடுத்து வைத்ததும் மூக்கில் ஏறும் காரநெடியை ஒரு முறை நுகர்ந்தவர் மறப்பதில்லை. வர்ணத்தை இளக்குவதற்கும் தூரிகையைக் கழுவுவதற்கும் சித்திரக்காரர் பயன்படுத்தும் டர்ப்பன்டைன் தைலத்தின் நெடி அது. இத்தைலத்தின் வரலாற்றில் நமது பெங்களூருக்கும் ஒரு பங்கு உண்டு என்பதைப் பலர் அறியார்.

முதலில் ஒரு செய்தியைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். எண்ணெய் வர்ணம் என்பது வர்ணப்பொடியை ஆளிவிதை எண்ணெய் போன்றதொரு எண்ணெயில் அரைத்த குழம்பு. நீர் வர்ணத்தில் நீர் வற்றுவதுபோல இதில் எண்ணெய் வற்றுவதில்லை. காற்றிலுள்ள பிராணவாயுவை ஏற்று, அது மெல்ல இறுகித் தோல்போல் ஆகிவிடுகிறது. டர்ப்பன்டைனோ வந்த விருந்தாளி. வர்ணத்தைச் சற்று நேரம் இளக்கிவிட்டு ஆவியாகிப் போய்விடும். ஆகவேதான் அடிப்பூச்சில் தைலம் மிகுதியாகவும் மேற்பூச்சில் எண்ணெய் மிகுதியாகவும் இருக்கவேண்டும் என்று ஓவியர் விதி செய்தனர். முறை மாறினால், மேலே உள்ளது முன்னரே இறுகி, கீழே உள்ளது பின்னர் அசைய, சித்திரம் வெடித்துவிடும்.

எண்ணெய் வர்ணத்தைக் கண்டுபிடித்தவர் வான் ஐக் என்னும் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர் என்று 16ஆம் நூற்றாண்டில் வசாரி எழுதிவைத்தார். உலகம் நெடுங்காலம் அதை நம்பியது. ஆனால் ஆப்கானிஸ்தானத்தின் பாமியான் குகைகளில், சுமார் 7ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த பௌத்தச் சித்திரங்கள் சிலவற்றில் உலரும் எண்ணெய் கலந்திருப்பதை 2008ஆம் ஆண்டில் ஆராய்ச்சியாளர் அறிவித்தனர். வசாரியின் கதை இனி நிற்காது.

நம் நாட்டில் சுவருக்கும் ஏட்டுக்கும் நீரும் பசையும் சுண்ணமுமே போதுமாயிருந்தன. எண்ணெய் வர்ணம் ஐரோப்பியருடன் வந்தது. வந்தபோது இரகசியமாகவே வந்தது. கிளிமானூரிலிருந்து இளம் பிராயத்தில் திருவனந்தபுரம் வந்த ரவிவர்மா, அங்கே அரசவை ஓவியராயிருந்த மதுரை ராமசாமி நாயக்கரிடம் எண்ணெய் வர்ணம் கற்க விரும்பினார். நாயக்கர் மறுத்துவிட்டார். 1868ஆம் ஆண்டில் அரண்மனைக்கு வந்த தியோடோர் ஜென்சன் என்ற ஐரோப்பிய ஓவியரும், தாம் தீட்டுவதைப் பார்க்க அனுமதித்தாரேயன்றிக் கற்பிக்க இசையவில்லை. நாயக்கரின் மாணாக்கரான ஆறுமுகம் பிள்ளை, குருவுக்குத் தெரியாமல் ரவிவர்மாவுக்கு உதவினார் என்பர். வர்ணத்தை விலை கொடுத்து வாங்கலாம். எதில் எவ்வளவு கலப்பது, தூரிகையை எவ்வாறு பேணுவது என்பதை எவரிடம் வாங்குவது? மைசூர் ஜகன்மோகன அரண்மனைச் சித்திரசாலைக்கு உரிய ரவிவர்மா படங்களில் பட்டுச்சேலையின் பளபளப்பைக் கண்டு வியப்பவர், அந்தப் பளபளப்புக்குப் பின்னால் நிற்கும் ஆறுமுகம் பிள்ளையையும் ஒரு கணம் நினைத்துக்கொள்ளலாம்.

இனித் தைலத்தின் கதைக்கு வருவோம். டர்ப்பன்டைன் பைன் மரத்துப் பிசினைக் காய்ச்சி வடிப்பது. நம் நாட்டில் இமயமலைச் சாரலில் வளரும் சீர் பைன் மரங்களே இதன் ஊற்று. இந்தியத் தைலம் ஐரோப்பியத் தைலம்போல் நடந்துகொள்ளவில்லை என்பதை வர்ணத் தொழிலினர் உணர்ந்திருந்தனர். காரணத்தைக் கண்டவர் ஜான் லயனல் சைமன்சன். 1910 முதல் சென்னை மாநிலக் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியராயிருந்த இவர், 1919ஆம் ஆண்டில் டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டிலேயே, இந்தியத் தைலத்தில் அதுவரை அறியப்படாத கரீன் என்னும் பொருள் மிகுதியாக உள்ளது என்று வெளியிட்டார். ஐரோப்பியத் தைலங்கள் பலவற்றில் மேலோங்கி நிற்பது பைனீன் என்னும் வேறொரு பொருள். 1925 முதல் 1928 வரை சைமன்சன் பணியாற்றியது பெங்களூரில், இன்றும் ஊரார் 'டாட்டா இன்ஸ்டிடியூட்' என்றே வழங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தில்.

பெயர் சூட்டியதோடு கதை முடியவில்லை. டர்ப்பன்டைனில் நாள்தோறும் கை நனைப்பவர்களுக்குத் தோல் சிவந்து வெடித்து நீர் கசியும் நோய் வருவதை மருத்துவர் நெடுநாளாக அறிவர். 1955ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர் காரணத்தை நெருங்கினர். கரீன் காற்றுப் பட்டுப் பிராணவாயுவோடு சேரும்போது உண்டாகும் பெராக்ஸைடுப் பொருள்களே தோலைத் தாக்குகின்றன என்று கண்டனர். எண்ணெயை இறுக்கிச் சித்திரத்தை நிலைக்கச் செய்யும் அதே பிராணவாயு, தைலத்தை நஞ்சாக்குகிறது! பாதி தீர்ந்து மூடி சரியாகப் பொருந்தாமல் கிடக்கும் பழைய தகரடப்பாவே புதியதைவிட அஞ்சத்தக்கது.

இந்தச் செய்தி எட்டவேண்டியவர்களுக்கு எட்டியதா என்பது வேறு கேள்வி. பெயர்ப்பலகை எழுதியவர்களும் சினிமா விளம்பரம் தீட்டியவர்களும் டர்ப்பன்டைன் விலைக்கு அஞ்சி மண்ணெண்ணெயில் தூரிகை கழுவி, அதே மண்ணெண்ணெயில் முழங்கை வரை கழுவிக்கொண்டதை நாம் பார்த்திருக்கிறோம். மண்ணெண்ணெயில் கரீன் இல்லை. எனினும் அது தோலின் இயற்கை எண்ணெயை உறிஞ்சி வறளச் செய்யும். ஆவியும் தலையைக் கிறுகிறுக்கவைக்கும்.

தைலமே இல்லாமல் தூரிகையைக் கழுவ முடியாதா? தாராளமாக முடியும். எண்ணெயில் இழைத்ததை எண்ணெயே இளக்கும். முதலில் கந்தைத்துணியால் வர்ணத்தை நன்றாக வழித்தெடுக்கவேண்டும். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். பின்னர் ஆளிவிதை எண்ணெயிலோ குசும்பா எண்ணெயிலோ தோய்த்துப் பிசைந்து, மீண்டும் துடைக்கவேண்டும். ஆளிவிதையைக் கன்னடத்தில் அகசே என்றும் குசும்பாவைக் குசுபே என்றும் சொல்வர். வட கர்நாடகத்துக் கரிசல் நிலத்தில் இரண்டும் விளைகின்றன. குசும்பா எண்ணெய் அவ்வளவாக மஞ்சளிப்பதில்லை; அதனால் வெள்ளை வர்ணம் அரைப்போர் அதையே நாடுவர். கடலை எண்ணெயாலும் கழுவலாம். ஆனால் அது உலராத எண்ணெயாதலால் தூரிகையில் சிறிது தங்கினாலும் மறுநாள் வர்ணம் காயாது. எந்த எண்ணெயானாலும் கடைசியில் சோப்பும் வெதுவெதுப்பான நீரும் வேண்டும். நுரை வெள்ளையாகும் வரை உள்ளங்கையில் குழைத்துக் கழுவவேண்டும்.

துடைத்த துணியைப் பற்றி ஒரு வார்த்தை. ஆளிவிதை எண்ணெய் தோய்ந்த கந்தையைச் சுருட்டி மூலையில் போட்டால், எண்ணெய் பிராணவாயுவை ஏற்கும்போது எழும் வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சியின்றியே பற்றிக்கொள்ளும். அதனைத் தனியாக விரித்து உலர்த்தவேண்டும். அல்லது நீர் நிறைந்த டப்பாவில் அமிழ்த்தி மூடவேண்டும். டர்ப்பன்டைனைக் கைவிட மனமில்லாதவர், கழுவிய அழுக்குத் தைலத்தைச் சாக்கடையில் கொட்டாமல் கண்ணாடிப் புட்டியில் நிரப்பி இறுக மூடிவைக்கலாம். சில நாளில் வர்ணம் அடியில் படியும். மேலே தெளிந்ததை இறுத்து மறுபடியும் தூரிகை கழுவலாம்.